எக்ஸ்சேஞ்சில் கொடுக்காத லேப்டாப்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூரில் சம்பள நாள். குமரன் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் லேப்டாப் விசாரிக்கப் போயிருந்தேன். பனியன் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்த பிள்ளைகள் சிலர் செல்போன் தவணை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைத் தம்பி என் பழைய லேப்டாப்பை வாங்கித் திறந்து, மூடி, புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எக்ஸ்சேஞ்சுல குடுத்துருங்கக்கா, மூவாயிரம் கழிச்சுக்கலாம்" என்றார்.

"உள்ளே இருக்கறதெல்லாம் என்னாகும் தம்பி?"

"அதெல்லாம் நாங்களே பார்மேட் அடிச்சுருவோமுங்கக்கா."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு வரவில்லை. "யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வரும் வழியில் அந்த மூவாயிரம் ரூபாய்ப் பொருளுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். மில் விடுதியில் நடந்ததை அழுதுகொண்டே சொன்ன பெண் பிள்ளைகளின் வாக்குமூலங்கள். காலனிக்குப் போகும் பாதையை முள் போட்டு அடைத்த படங்கள். வன்கொடுமை வழக்குகளில் சாட்சி சொன்னவர்களின் பெயர், ஊர், போன் நம்பர். இதில் ஒரு பக்கம் தப்பான கைக்குப் போனாலும் யாரோ ஒருவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகவேண்டி வரும்.

லேப்டாப் வாங்குவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது தோழர்களே. களத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருவீர்கள். நான் தடுமாறிய இடங்களை எழுதி வைத்தால் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.

நான் இதை வாங்கியது 2016இல். இன்டெல் ஐ3, ஐந்தாம் தலைமுறை. இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசசர் வேண்டும். என்னுடையதில் இரண்டும் இல்லை. ஓராண்டு நீட்டிப்புக்கு ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள். அது முடிந்தால் மறுபடியும் இதே இடம்தான். ஓடுகிற மெஷினை, யாரோ ஒரு பட்டியலில் சேர்க்காததால் நாம் பழசு என்று சொல்லவேண்டியிருக்கிறது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சென்னையில் பத்திரிகை வேலையில் இருக்கும் தோழர், "மேக்புக் வாங்கிடுங்க, எட்டு வருஷம் தொந்தரவு இருக்காது" என்றார். பேட்டரி நிற்கும், வேகம் இருக்கும், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் விலை? எங்கள் தெருவில் ஓவர்லாக் ஓட்டும் அக்கா எத்தனை மாதம் ஒன்றரை ஷிப்டு பார்த்தால் அந்தத் தொகை சேரும்! அதோடு, மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது. ஏதாவது ஆனால் இங்கே பழுது பார்க்கும் அண்ணன், "அது நம்ம கைக்கு அடங்காதுங்க" என்று ஒதுங்கிவிட்டார்.

என் அக்கா மகன் தவணையில் புது விண்டோஸ் லேப்டாப் வாங்கச் சொன்னான். எங்கள் மாலை வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு கல்லூரி மாணவி மட்டும், "அக்கா, லினக்ஸ் போட்டுப் பாருங்களேன். வேணும்னா செகண்ட்ஸ்ல ஒரு நல்ல ஆபீஸ் லேப்டாப் எடுத்துக்கலாம். பாதி விலை கூட ஆகாது" என்றாள்.

அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். பழையது, இலவசம் என்ற இரண்டு சொற்களும் எனக்கு ஆகாது. யாரோ உடுத்திய துணியைக் கொண்டுவந்து என் அம்மா எனக்கு அளவு பிடித்துத் தைத்திருக்கிறார். பண்ணையத்து வீட்டில் மிஞ்சியதைத் தூக்கில் வாங்கி வந்த தலைமுறை எங்களுடையது. 1927 டிசம்பரில் மகத் மாநாட்டுக்குப் பிறகு பெண்களிடம் பேசிய அம்பேத்கர், தீண்டப்படாதவர்கள் என்று அடையாளம் காட்டும் உடையையும் நகையையும் விட்டொழிக்கச் சொன்னார். நன்றாக உடுத்துவது நமக்கு அரசியல். அப்படியிருக்க, ஊருக்கெல்லாம் புதுசு, நமக்கு மட்டும் பழசா?

இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் இருந்தேன். அப்போதுதான் 2012இல் நானே செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, மாணவர்களுக்கு மடிக்கணினி தரும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு அதற்கு வைத்த பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. ஊரில் சொன்னது 'ஓசி லேப்டாப்'. நான் அப்போது பி.ஏ. இறுதியாண்டு. எங்கள் காலனியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். பட்டனை அழுத்தியதும் திரையில் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அது என்ன, எதற்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "அது வேஸ்ட், இடத்தை அடைக்குது" என்றார் கடைக்காரர். 200 ரூபாய் கொடுத்து அழித்துவிட்டேன். என் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

அந்தப் பாதி எங்கள் கைக்கு வருவதற்கு முன்னால், இதே மாநிலத்தில் லினக்ஸுக்காக ஒரு பெரிய முயற்சி நடந்திருந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ஒரு தலித் அதிகாரி என்பதை நான் முதுகலை முடித்து, வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன். சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 1999 முதல் 2001 வரை திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது, மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கி நாடு முழுக்கப் பேசப்பட்டவர். 2006இலிருந்து சில ஆண்டுகள் அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தார். அங்கே அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கும் கணினிகளுக்கும் அதையே முன்வைத்தார். செலவு குறையும், வைரஸ் தொல்லை குறையும், ஒரு நிறுவனத்தைச் சார்ந்து அரசு இருக்க வேண்டியதில்லை என்பவை அதற்கான காரணங்கள்.

2010 ஜூலையில் அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். சொல்லப்பட்ட காரணம், பொய்யான சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தார் என்பது. ஊழலைச் சுட்டிக்காட்டியதற்காகத்தான் தன்னைப் பழிவாங்குகிறார்கள் என்றார் அவர். தலித் இயக்கங்கள் தெருவில் இறங்கின. தேசிய எஸ்.சி. ஆணையம் தலையிட்டது. சில வாரங்களில் பணியிடைநீக்கம் ரத்தானது. அவருடைய பிற்கால நிலைப்பாடுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒரு மாநிலத்தின் கணினிகள் எதில் ஓடவேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்துக்கு நம்மில் ஒருவர் போனார். அவர் எந்தச் சாதி என்று கேட்டு நிறுத்தினார்கள். அவர் முன்வைத்த லினக்ஸ் எங்கள் காலனிக்கு வந்தபோது, 200 ரூபாய் கொடுத்து நானே அதைத் துடைத்தேன்.

லினக்ஸை விலையில்லாதது என்று புரிந்துகொண்டது என் தப்பு. தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: கட்டற்ற மென்பொருள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய க்னூ திட்டமும், 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸும் சேர்ந்து வளர்ந்தது இது. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். படிக்கக் கூடாது, அடுத்தவருக்குச் சொல்லித்தரக் கூடாது என்ற விதிகளுக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக இருந்த நமக்கு இந்த நான்கு உரிமைகளின் அருமையை யாரும் விளக்கவேண்டியதில்லை.

பவர் டேபிள் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மெஷின் அவருடையது, கரண்ட் பில் அவருடையது. ஆனால் ஆர்டர் கொடுக்கும் கம்பெனி என்ன தைக்கச் சொல்கிறதோ அதைத்தான் தைக்கமுடியும். ஆர்டர் நின்றால் மெஷினும் நின்றுவிடும். பத்து வருஷமாக என் லேப்டாப்பும் அப்படித்தான் இருந்தது.

அதற்காக லினக்ஸில் சாதி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கட்டற்ற மென்பொருளை எழுதுகிறவர்களும் சமூகத்திலிருந்து வருகிறவர்கள்தான். கணினித் துறையின் தலைநகரமான கலிஃபோர்னியாவிலேயே, தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து நடத்தியதாக சிஸ்கோ நிறுவனத்தின் மீது அந்த மாநில அரசுத் துறை 2020இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. எந்த மென்பொருளும் சாதியை ஒழிக்காது. நமக்கு வேண்டியது, நம் வேலைக்குத் துணையாக இருக்கும் ஒரு கருவி. அவ்வளவுதான்.

பேசுவது இருக்கட்டும், ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும். அந்த மாணவி ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தாள். எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. இரண்டு வாரம் அதிலேயே வேலை பார்த்தேன்.

முதல் நாளே தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட அதே அமைப்பு. ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் முறைகளும் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் மனு அடித்தேன். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் அதைக் கொடுத்துவிட்டும் வந்தேன். பிரவுசர், ஜூம், பிடிஎஃப் எதிலும் சிக்கலில்லை.

சிக்கல் வந்த இடங்களையும் சொல்லவேண்டும். அலுவலகத்துப் பழைய பிரிண்டர் இரண்டு நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் அந்த மாணவி வந்து எதையோ தேடிப் போட்ட பிறகுதான் காகிதம் வந்தது. டேலி லினக்ஸுக்கென்று இல்லை. திருப்பூரில் இது சின்ன விஷயமில்லை. நம் பிள்ளைகள் தையல் மெஷினிலிருந்து எழுந்து ஆபீஸ் நாற்காலிக்குப் போகும் வழி டேலியும் எக்செல்லும்தான். கொள்கைக்காக அந்த வழியை அவர்களுக்கு அடைக்கும் உரிமை எனக்குக் கிடையாது. வேலைக்குப் போகிற பிள்ளை விண்டோஸையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய சிக்கல் பத்தாம் நாள் வந்தது. பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில் வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குக் கேட்டதற்காக, சாதி சொல்லித் திட்டி அடிக்கப்பட்ட ஓர் அம்மாவின் வழக்கு. 2015இல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அடித்த வாக்குமூலம். வழக்கு மேல்முறையீட்டில் இருக்கிறது. வக்கீல் போன் செய்து அந்தக் கோப்பின் மூலத்தைக் கேட்டார். திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

காரணம் லினக்ஸ் இல்லை. நான் அன்று அடித்தது யூனிகோடில் இல்லை. அந்தக் காலத்தில் பாமினி, டாம், டாப் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியீடு இருந்தது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழ். மற்றதில் கிறுக்கல். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் அலுவலகங்களில் பழைய எழுத்துருக்கள் வருஷக்கணக்கில் ஓடின. நானும் அங்கே இருந்ததைத்தான் காப்பி செய்து வைத்திருந்தேன். புது விண்டோஸ் லேப்டாப் வாங்கியிருந்தாலும், மேக்புக் வாங்கியிருந்தாலும், அந்த எழுத்துருவை ஏற்றாமல் இதே கிறுக்கல்தான் வந்திருக்கும். கணினி மாற்றப் போகாமல் இருந்திருந்தால், பழைய லேப்டாப் செத்த அன்றைக்குத்தான் எனக்கு இது தெரிந்திருக்கும்.

ஓபன்-தமிழ் என்று தமிழர்கள் எழுதிய கட்டற்ற நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றும் வசதி அதில் உண்டு. மாணவி உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தாள். மூலக் கோப்பை ஓர் எழுத்துகூடத் தொடாமல் அப்படியே வைத்தோம். மாற்றியதைத் தனிப் பிரதியாகச் சேமித்தோம். இது முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

நம் பகுதியில் மின்னணுச் சாட்சியம் என்றால் எல்லோருக்கும் கோகுல்ராஜ் வழக்கு நினைவுக்கு வரும். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, பிறகு ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த தலித் பொறியியல் பட்டதாரி. கூட இருந்த முக்கியச் சாட்சி பிறழ்ந்துவிட்டார். கோயிலின் சிசிடிவி பதிவு நின்றது. 2022இல் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனிதர்களை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம். ஒழுங்காக எடுத்து, ஒழுங்காக வைத்த பதிவை அப்படிச் செய்யமுடியாது.

ஒழுங்காக வைப்பது என்றால் என்ன என்பதைச் சட்டமே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் தரவேண்டும். அதில் கருவியின் விவரமும் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் கேட்கப்படுகின்றன. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் அதை எடுக்கலாம், விண்டோஸிலும் எடுக்கலாம். நாம்தான் எடுப்பதில்லை. களத்தில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், எப்போது எடுத்தது என்ற விவரமும் போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் லேப்டாப்பே நமக்கு எதிரான சாட்சியாகலாம். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியை ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம், 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. 2016 ஜூன் மாதம், அவருக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தபோது நெட்வயர் என்ற வேவு நிரல் உள்ளே புகுந்தது, அதன் வழியாகக் கோப்புகள் அவருக்குத் தெரியாமலே கணினியில் வைக்கப்பட்டன என்றது அந்த அறிக்கை. விசாரணை அமைப்பு இதை ஏற்கவில்லை. அதே வழக்கில் சிறையில் இருந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, நம் திருச்சி மண்ணில் பிறந்தவர், 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். அவருடைய கணினியிலும் கோப்புகள் திணிக்கப்பட்டிருந்தன என்று 2022 டிசம்பரில் அதே நிறுவனம் சொன்னது.

லினக்ஸ் போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். குறிவைத்து வருகிறவனுக்கு எல்லாக் கதவும் தெரியும். வில்சன் திறந்தது தெரிந்தவர் பெயரில் வந்த கடிதத்தை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் திறந்திருப்பேன். எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது எந்தக் கணினியிலும் செய்யக்கூடிய காரியம்.

கடைசியில் என்ன செய்தேன்? ஏதோ ஒரு கம்பெனி பயன்படுத்திவிட்டு மாற்றிய ஆபீஸ் லேப்டாப் ஒன்றை, எட்டாம் தலைமுறைக்குப் பிந்தையது, 16 ஜிபி ரேம், 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். சீரியல் நம்பர் போட்ட பில்லோடு. லினக்ஸ் மின்ட் போட்டேன். போடும்போதே முழு டிஸ்க்கையும் பூட்டும் குறியாக்கத்தைத் தேர்வு செய்தேன். இப்போது யாராவது லேப்டாப்பைத் திருடினாலும், கடவுச்சொல் இல்லாமல் அந்த அம்மாக்களின் பெயர்கள் அவர்களுக்குக் கிடைக்காது.

பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என்னிடம் வைத்துக்கொண்டேன். புதிதாக ஓர் எஸ்எஸ்டி போட்டு, அதிலும் மின்ட் ஏற்றி, மாலை வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் இல்லாத மெஷின் இப்போது முன்னைவிட வேகமாக ஓடுகிறது. டேலிக்கு அங்கே ஒரு விண்டோஸ் கணினி ஏற்கனவே இருக்கிறது. பிள்ளைகள் இரண்டிலும் உட்காருகிறார்கள்.

அம்மா கேட்டார், "இத்தனை வருஷம் சம்பாரிச்சு, பழசா கண்ணு வாங்குன?" எனக்குக் கொஞ்சம் வலித்தது. "மெஷின்தாம்மா பழசு. சாவி நம்மகிட்ட இருக்குது" என்றேன். அவர் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது என்பதால் நானும் வாதாடவில்லை. கையில் காசு இருந்து, புதுசு வாங்க ஆசை இருந்தால் வாங்குங்கள். நமக்கு அதற்கு எல்லா உரிமையும் உண்டு. எதை வாங்கினாலும் சில காரியங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பவற்றை, அவை திறக்கிற கணினி உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், மூலத்தைத் தொடாமல். பாதிக்கப்பட்டவர்களின் விவரம் இருக்கும் டிஸ்க்கைப் பூட்டுங்கள், அதன் கடவுச்சொல்லை மறக்காதீர்கள். போக்சோ வழக்கில் குழந்தையின் அடையாளம் வெளியே போனால் அது குற்றம், நம் கவனக்குறைவால் என்றாலும் காயம்படுவது அந்தக் குழந்தைதான். இரண்டு பிரதி வைத்து, ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். ஹாஷ் எடுத்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். லேப்டாப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். டிஸ்க்கோடு எந்த லேப்டாப்பையும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்.

2026 ஜனவரியில் அரசு மறுபடியும் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. உங்களில் பலருடைய கையில் அது இருக்கும். ஓசி என்று எவன் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். அது உங்கள் வீட்டார் கட்டிய வரி. அதில் ஏதாவது ஒன்றை அழிக்கும் முன்னால், அது என்ன என்று ஒருமுறை திறந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை. கணியம் மின்னிதழில் எளிய தமிழிலேயே லினக்ஸ் பாடங்கள் இருக்கின்றன. விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரும் பயனர் குழு இருக்கிறது. திருப்பூரில் நாம் ஏன் ஒன்று தொடங்கக் கூடாது?

அந்தத் தறிக்குடோன் அம்மாவுக்கு அன்று ராத்திரியே போன் செய்தேன். யூனிகோடுக்கு மாற்றிய வாக்குமூலத்தை, எழுத்து ஏதும் பிசகியிருக்கிறதா என்று பார்க்க, முழுதாகப் படித்துக் காட்டினேன். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"பத்து வருஷமாச்சே கண்ணு. நான் சொன்னதை இன்னும் வச்சிருக்கியா?"

வைத்திருக்கிறேன். அதற்குத்தான் இவ்வளவும்.

ஜெய்பீம்.